பேஸ்பால் பேட்டுக்கு எண்ணெய் போடாதீர்கள்

எங்கள் வீட்டு ஹாலில் வரிசையாக மாட்டியிருக்கும் பேஸ்பால் பேட்டுகளைப் பார்க்கும் தமிழ் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கெல்லாம் எண்ணெய் போடணுமா?" என்பதுதான். நாமெல்லாம் கிரிக்கெட்டில் வளர்ந்தவர்கள், புது பேட் வாங்கினால் லின்சீட் ஆயில் தடவி, பழைய பந்தால் தட்டித் தட்டிப் பழக்கியவர்கள், கை தானாக அந்தப் பக்கம் போகும். போகக் கூடாது. கிரிக்கெட் பேட் வில்லோ மரம், எண்ணெயை உறிஞ்சும். இங்கே அமெரிக்காவில் கிடைக்கும் பேஸ்பால் பேட்டோ ஆஷ், மேப்பிள், பர்ச் மாதிரியான கெட்டி மரம், பெரும்பாலும் லாக்கர் (வார்னிஷ் மாதிரியான பூச்சு) அடித்தே வருகிறது. எண்ணெய் உள்ளே இறங்காமல் மேலேயே பிசுபிசுவென்று நின்று தூசியைச் சேர்க்கும், அவ்வளவுதான்.

ஆட்டத்தில் பயன்படுத்திய பேட் என்றால் ஈரத்துணி கூடப் படக்கூடாது என்பது என் கட்சி. பந்தின் தையல் பதிந்த தடம், பிடி வழுக்காமல் இருக்கக் கைப்பிடியில் பூசி அப்பியிருக்கும் பைன் தார் என்ற பிசின், விரிசல், இதெல்லாம் அழுக்கு இல்லை, அந்த பேட் எங்கே இருந்தது என்பதற்கான சாட்சி. 1983 ஜூலையில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிராக ஜார்ஜ் பிரெட் என்ற ஆட்டக்காரர் அடித்த ஹோம் ரன்னை (நம் சிக்ஸர் மாதிரி) நடுவர்கள் செல்லாது என்றார்கள், விதி அனுமதித்த, கைப்பிடி முனையிலிருந்து 18 அங்குலம் என்ற அளவுக்கு மேல் தார் ஏறியிருந்தது என்பதுதான் காரணம் (அந்த முடிவு பிறகு மாற்றப்பட்டது). அந்த பேட்டுக்குப் பெயரே பைன் தார் பேட் என்று ஆகிவிட்டது. கென்டக்கியில் இருக்கும் லூயிவில் ஸ்லக்கர் என்ற பேட் கம்பெனியின் மியூசியத்தில் பழைய நட்சத்திரம் பேப் ரூத்தின் பேட் ஒன்று இருக்கிறது, 1927ல் அதை வைத்து அடித்த ஹோம் ரன்களுக்காக லேபிளைச் சுற்றி அவர் செதுக்கிய 21 வெட்டுகளோடு. யாராவது பொறுப்பான ஆள் அதை மரத்தூள் வைத்து அடைத்து பாலிஷ் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அசல்தான் என்று காட்ட எம்.எல்.பி. (அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீக்) ஒட்டும் ஹோலோகிராம் ஸ்டிக்கர் இருந்தால் அதையும் தொடாதீர்கள், உரித்தால் கிழிந்து போகிற மாதிரிதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

சரி, பேட்டை ஒன்றும் செய்யக் கூடாது என்றால் எதைத்தான் செய்வது? அறையைக் கவனிக்க வேண்டும்.

முதல் எதிரி வெளிச்சம். கையெழுத்து வாங்கிய பேட்டை ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் மார்க்கர் மை வெளுத்துக்கொண்டே போகும், ஒருநாள் உற்றுப் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலைக்கு வந்துவிடும், போன மை திரும்பாது. யூவி தடுக்கும் அக்ரிலிக் பெட்டி உதவும், ஆனால் அது நேர் வெயிலில் வைப்பதற்கான அனுமதிச் சீட்டு இல்லை, ஏனென்றால் சாதாரண வெளிச்சமும் மெதுவாக மையைத் தின்னத்தான் செய்கிறது. பெட்டிக்குள் விளக்கு வேண்டுமென்றால் சூடாகாத எல்இடி போதும், அதையும் ஆள் இருக்கும்போது மட்டும் போடலாம். கையெழுத்தைக் காப்பாற்றுகிறேன் என்று மேலே கிளியர் ஸ்ப்ரே அடிப்பவர்கள் உண்டு, மை கரைந்து ஓட வாய்ப்பு அதிகம். அக்ரிலிக்கைத் துடைக்க அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் வேண்டாம், மெல்லிய கீறல்கள் மாதிரி வெடித்துவிடும்.

அடுத்தது ஈரப்பதம். நான் இருக்கும் ஒஹையோவில் கோடையில் பேஸ்மென்ட் ஈரத்தில் ஊறும், குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடி வீட்டுக்காற்று உதடு வெடிக்கிற அளவுக்குக் காய்ந்துவிடும். மரம் இந்த இரண்டுக்கும் இடையில் உப்பி, சுருங்கி, ஏற்கெனவே இருக்கும் விரிசலை இன்னும் கொஞ்சம் திறக்கும். சின்ன ஈரப்பதமானி ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்து 40 முதல் 50 சதவீதத்துக்குள் பார்த்துக்கொண்டால் போதும். அதைவிட முக்கியம், எண் சட்டென்று ஏறி இறங்காமல் இருப்பது. ஃபயர்பிளேஸுக்கு மேலே மாட்டினால் படத்தில் அழகாகத்தான் இருக்கும், பேட்டுக்கு அதைவிடக் கெட்ட இடம் வீட்டில் இல்லை. ஹீட்டர் காற்று வரும் துவாரத்துக்கு எதிரேயும், குளிர் ஏறும் வெளிச்சுவரிலும் வேண்டாம்.

மாட்டும் விதம்: மூலையில் சாய்த்து வைத்து வருடக்கணக்கில் மறந்துவிட்டால் வளைய வாய்ப்பு உண்டு. படுக்கையாக வைத்தால் இரண்டு இடத்தில் தாங்கல், நிறுத்தி வைத்தால் கைப்பிடிக் குமிழைப் பிடித்துத் தொங்கவிடும் தாங்கி. கடையில் விற்கும் கொக்கிகளில் ரப்பர் அல்லது வினைல் உறை இருக்கும், அது பழைய லாக்கரோடு சேர்ந்து ஒட்டிக் கறை விடும், கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் நன்றாகத் தெரியும். நடுவில் பருத்தித் துணி சுற்றிவிடுங்கள். ஒரு பேட் சுமார் 900 கிராம், பத்துப் பன்னிரண்டு பேட்டோடு பெட்டியின் எடையும் சேர்ந்தால் வெறும் டிரைவாலை (இங்கே வீட்டுச் சுவராக இருக்கும் ஜிப்சம் பலகையை) நம்ப முடியாது. உள்ளே பொதுவாக 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரச்சட்டத்தைக் கண்டுபிடித்து அதில் ஸ்க்ரூ இறங்க வேண்டும்.

பழைய பேட் வாங்கினால் மாட்டுவதற்கு முன் சின்னச் சின்ன ஓட்டையும் மாவு மாதிரி தூளும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆஷ், ஹிக்கரி இரண்டும் மரத்துளைப்பான் வண்டுக்குப் பிடித்த சாப்பாடு, ஒன்றில் இருந்தால் வீட்டில் இருக்கும் மற்ற மரச்சாமானுக்கும் போகும். சந்தேகமாக இருந்தால் தனியாகப் பையில் கட்டி வையுங்கள்.

ஆஷ் பேட்டுக்குத்தான் நான் நல்ல சுவரைக் கொடுத்திருக்கிறேன். 2001ல் பேரி பாண்ட்ஸ் என்ற ஆட்டக்காரர் மேப்பிள் பேட்டால் ஒரே சீசனில் 73 ஹோம் ரன் அடித்த பிறகு ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாக மேப்பிளுக்குப் போனார்கள், அடுத்த வருடமே மிஷிகனில் எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு கண்டுபிடிக்கப்பட்டது, அன்றிலிருந்து ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டே வருகிறது. எங்கள் தெருவில் நின்றவற்றையும் வெட்டிவிட்டார்கள். அதனால் பெயர் தெரியாத ஆட்டக்காரருடைய சாதாரண ஆஷ் பேட் கராஜ் சேலில் (வீட்டு வாசலில் பழைய சாமான் விற்பது) கிடைத்தாலும் நான் விடுவதில்லை. அலுமினிய பேட்டுகளைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள், அவை கராஜில் கிடக்கின்றன, பையன் எடுத்துப்போய் விளையாடுகிறான்.