கல்வி விடுப்பும் ஒரு தடையில்லாச் சான்றும்

2023 ஆகஸ்டில் பொதுக் கொள்கையில் இரண்டாண்டு முதுகலைப் படிப்புக்காக நான் அமெரிக்கா சென்றேன். அதற்கு முன் இந்தியாவின் நிதித்துறை ஒழுங்குமுறை அமைப்பு ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றியிருந்தேன். கல்வி விடுப்பு, படிப்பு முடிந்து திரும்பி வந்து குறிப்பிட்ட காலம் பணிபுரிவேன் என்ற ஒப்பந்தப் பத்திரம், அதற்கு இரண்டு பேரின் பிணைக் கையெழுத்து என்று எல்லாம் முறைப்படி நடந்திருந்தன. விடுப்பு ஆணையின் ஏழாவது பத்தியில், முன் அனுமதியின்றிப் படிப்பைத் தவிர வேறு எந்தப் பணியையும் ஏற்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. புறப்படும் அவசரத்தில் அதை நான் ஊன்றிப் படிக்கவில்லை.

இரண்டாண்டுப் படிப்பில் முதல் ஆண்டின் கோடை விடுமுறை உள்ளகப் பயிற்சிக்கு உரியது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் படிப்போடு இணைந்த பயிற்சியை மேற்கொள்ள சிபிடி என்ற அனுமதி வேண்டும். பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டை முடித்த பிறகே அது கிடைக்கும். எங்களைப் போன்ற அதிகாரிகளில் பலர் ஓராண்டு எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலைப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். படிப்பு முடிந்த பின் கிடைக்கும் பயிற்சிக் காலத்தைப் பயன்படுத்தலாம் என்றாலும், அதற்குள் விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பும் நாள் வந்துவிடுகிறது. படிப்பைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே பயிற்சி கிடைக்குமா கிடைக்காதா என்பது பாதி முடிவாகிவிடுகிறது என்பதை நான் அங்கு போன பிறகுதான் அறிந்தேன்.

டிசம்பரிலிருந்து விண்ணப்பிக்கத் தொடங்கினேன். பிப்ரவரியில் நியூயார்க்கில் உள்ள ஒரு முதலீட்டு வங்கியிலிருந்து நல்ல ஊதியத்துடன் வாய்ப்பு வந்தது. அந்த வங்கியின் குழும நிறுவனங்கள் இந்தியச் சந்தையில் வெளிநாட்டு முதலீட்டாளராகவும் தரகராகவும் பதிவு பெற்றவை. அங்கே பன்னிரண்டு வாரம் வேலை பார்த்துவிட்டு, பின்னொரு நாள் அவர்களுடைய கோப்பு என் மேசைக்கு வந்தால் எந்த முகத்தோடு அதைத் திறப்பேன் என்று யோசித்தேன். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய தேவையே எழவில்லை. மறுத்துக் கடிதம் எழுதினேன். உடன் படித்தவர்கள் வியந்தார்கள். ஆனால், சந்தையை மேற்பார்வையிடும் ஒருவருக்கு அவருடைய நடுநிலையைப் பற்றிய ஐயம் எழாமல் பார்த்துக்கொள்வதும் வேலையின் ஒரு பகுதி என்றே நான் நம்புகிறேன்.

மார்ச் மாதத்தில், வாஷிங்டனில் நிதிச் சந்தைகளைப் பற்றி ஆராயும் லாப நோக்கற்ற நிறுவனம் ஒன்று என்னைத் தேர்ந்தெடுத்தது. இனிச் சிக்கல் இல்லை என்று நினைத்து, 20-ஆம் தேதி என் அலுவலகத்துக்குத் தடையில்லாச் சான்று கேட்டு அரைப் பக்கக் கடிதம் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துக் கேள்விகள் வந்தன. உதவித்தொகை யார் கணக்கிலிருந்து வருகிறது? அந்நிறுவனத்துக்கு நிதி அளிப்பவர்கள் யார்? பணியில் அறிந்த, வெளியிடப்படாத தகவல் எதுவும் பயன்படாது என்பதற்கு என்ன உறுதி? ஆய்வறிக்கை யார் பெயரில் வெளிவரும்? விடுப்பை நீட்டிக்கும் தேவை வருமா?

ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி. என் இடத்தில் வேறொருவர் இருந்து, அந்தக் கோப்பு என்னிடம் வந்திருந்தால் நானும் இவற்றையே கேட்டிருப்பேன். தாமதத்துக்குக் காரணம் அரைப் பக்கத்தில் எழுதி அனுப்பிய நான்தான். நிதி அளிப்பவர் பட்டியலை நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலிருந்து எடுத்துப் பார்த்தபோது, அதில் இரண்டு தரகு நிறுவனங்களின் பெயர் இருந்தது. லாப நோக்கற்ற நிறுவனம் என்ற பெயரே போதும் என்று நான் எண்ணியது தவறு. அந்த இரு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் திட்டங்களில் என்னைச் சேர்ப்பதில்லை என்று பயிற்சி தரும் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கினேன். அதையும் இரகசியக் காப்பு உறுதிமொழியையும் இணைத்து நான்கு பக்கப் பதில் அனுப்பினேன். சான்று மே 24 அன்று வந்தது. பயிற்சி தொடங்க இருந்த நாள் ஜூன் 3.

அமெரிக்கப் பக்கத்து நடைமுறை இதனுடன் ஒப்பிட்டால் எளிது. பணி நாட்கள், வார மணிநேரம், அலுவலக முகவரி ஆகியவை தெளிவாக உள்ள நியமனக் கடிதம், பயிற்சியைப் படிப்போடு இணைக்கும் ஒரு கிரெடிட் பாடத்தில் பதிவு, வழிகாட்டிப் பேராசிரியரின் ஒப்புதல் ஆகிய மூன்றும் சேர்ந்தால், வெளிநாட்டு மாணவர் அலுவலகம் சிபிடி குறிப்புடன், மாணவர் தகுதியைக் காட்டும் ஐ-20 படிவத்தைப் புதிதாகத் தருகிறது. அதில் உள்ள தேதிக்கு ஒரு நாள் முன்பும் வேலை தொடங்கக் கூடாது. முழுநேர சிபிடி பன்னிரண்டு மாதத்தை எட்டினால் பின்னால் வரும் பயிற்சி உரிமை போய்விடும். பன்னிரண்டு வாரத்தால் பாதிப்பு இல்லை. அந்தப் படிவத்தைக் காட்டித்தான் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு விண்ணப்பிக்க முடியும்.

முதல் ஊதியச் சீட்டில் சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியத் திட்டம், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்காக 7.65 சதவீதம் பிடித்திருந்தார்கள். முதல் ஐந்து ஆண்டுகளில் எஃப்-1 மாணவருக்கு இந்தப் பிடித்தம் கிடையாது என்பதை எடுத்துக்காட்டியதும் திருப்பித் தந்தார்கள். இந்திய மாணவர்களுக்கு மட்டும் உரிய ஒரு சலுகையும் உண்டு: இந்திய-அமெரிக்க வரி உடன்படிக்கையின் 21-ஆவது பிரிவின்படி, மற்ற நாட்டு மாணவர்களுக்குக் கிடைக்காத நிலையான கழிவை, அதாவது வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கும் தொகையை, நாம் கோரலாம். 2024-ஆம் ஆண்டுக்கு அது 14,600 டாலர்.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்துக்கு முந்தைய வாரம்தான், மே 28 அன்று, அமெரிக்கப் பங்குச் சந்தை டி+1 முறைக்கு மாறியிருந்தது. அதாவது, வாங்கிய பங்கும் விற்ற பணமும் மறுநாளே கைமாற வேண்டும். நம் நாட்டில் 2022 பிப்ரவரியில் சந்தை மதிப்பில் கடைசியில் இருந்த 100 பங்குகளில் தொடங்கி, மாதத்துக்கு 500 பங்குகளாகச் சேர்த்து, 2023 ஜனவரி 27-இல் மாற்றம் முழுமை அடைந்திருந்தது. அவர்கள் ஒரே நாளில் மாற்றினார்கள். நாம் படிப்படியாக மாற்றினோம். இந்த இரண்டு வழிகளையும் ஒப்பிடுவதே எனக்குத் தரப்பட்ட பணி.

இரண்டாவது வாரக் கூட்டத்தில், வெளிநாட்டு முதலீட்டாளர்களின் வர்த்தகங்களை உறுதிசெய்வதில் முதலீட்டாளர்களின் பங்குகளைக் காத்து வைக்கும் இந்தியாவின் கஸ்டோடியன் வங்கிகள் எங்கே தடுமாறின என்று கேட்டார்கள். எனக்கு விடை தெரியும். ஆனால் அதில் எந்த அளவு வெளியிடப்பட்ட சுற்றறிக்கையில் படித்தது, எந்த அளவு கோப்பில் படித்தது என்று அந்தக் கணத்தில் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் அவகாசம் கேட்டேன். அன்று இரவு ஒரு குறிப்பேட்டை எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் தகவலையும் வலப்பக்கம் அது பொதுவெளியில் எங்கே உள்ளது என்பதையும் எழுதினேன். வலப்பக்கம் வெறுமையாக இருந்த ஐந்து வரிகளைப் பேனாவால் அடித்தேன். பயிற்சி முடியும்வரை அந்தக் குறிப்பேட்டில் இல்லாத எதையும் நான் அந்த அலுவலகத்தில் பேசவில்லை.

எனக்கு அதிகம் கற்றுத்தந்தவை, அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்துக்கு வந்த கருத்துக் கடிதங்கள். டி+1 விதியின் வரைவு 2022 பிப்ரவரியில் வெளியானது. இறுதி விதி ஓராண்டு கழித்து வந்தபோது, எழுப்பப்பட்ட ஆட்சேபங்களை எடுத்துக்கொண்டு, ஏற்றால் ஏன், மறுத்தால் ஏன் என்று ஆணையம் எழுதியிருந்தது. ஆசிய முதலீட்டாளர்களின் குறை நேர வேறுபாடு பற்றியது. அமெரிக்காவில் வர்த்தகத்தை உறுதிசெய்யும் கெடு, வர்த்தக நாளின் இரவு 9 மணி; கோடைக்காலத்தில் அது சிங்கப்பூரில் மறுநாள் காலை 9 மணி, மும்பையில் 6.30. அதற்குள் டாலருக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். 2021-இல் நாம் டி+1 அறிவித்தபோது மேலைநாட்டு முதலீட்டாளர்கள் நம்மிடம் முறையிட்டதும் இதே நேர வேறுபாட்டையும் அந்நியச் செலாவணியையும் பற்றித்தான். மேசையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து அதே முறையீட்டைப் படித்தபோது, அப்போது அதை வெறும் எதிர்ப்பு என்று நான் எடுத்துக்கொண்டது சரியல்ல என்று உணர்ந்தேன்.

ஆகஸ்ட் 23 அன்று பயிற்சி முடிந்தது. அறிக்கையை வெளியிடும் முன் என் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சான்றின் நிபந்தனை. ஒரு பத்தியை நீக்கச் சொன்னார்கள், நீக்கினேன்.

2025-இல் லண்டனில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்குப் புறப்பட்ட என் இளைய சக அதிகாரி ஒருவர் ஆலோசனை கேட்டார். பிரிட்டனில் முதுகலை மாணவர் கோடையில் ஆய்வேடு எழுதும் காலம் விடுமுறையாகக் கருதப்படுவதில்லை. பயிற்சி படிப்பின் அங்கமாக இல்லாவிட்டால் வாரம் 20 மணிநேரத்துக்கு மேல் வேலை பார்க்க முடியாது. எனவே, பாடத்திட்டத்திலேயே பயிற்சி உள்ள துறையைப் பார்க்கச் சொன்னேன். சில மாதங்களில், தடையில்லாச் சான்றுக்கு அவர் எழுதிய கடிதத்தின் வரைவை எனக்கு அனுப்பினார். பயிற்சி தரும் அமைப்புக்கு நிதி அளிப்பவர்களின் பட்டியலை முதல் இணைப்பாக வைத்திருந்தார்.