கேய்டனில் பார்த்த அம்பாசடரின் உறவுக்காரர்கள்

இங்கிலாந்தின் வார்விக்‌ஷரில், எம்40 நெடுஞ்சாலையை ஒட்டி கேய்டன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. போர்க்காலத்தில் விமானப்படைத் தளம் இருந்த இடத்தில் இன்று பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் நிற்கிறது. பஸ்ஸை நம்பிப் போகிற இடமில்லை. லெமிங்டன் ஸ்பா ஸ்டேஷனில் இறங்கி டாக்சி பிடித்தேன். பழைய கார்கள்மேல் ஆசை உள்ளவர்கள் லண்டனில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டாவது இங்கே வர வேண்டும்.

நான் தேடிப் போனது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கார்களை. அன்றைய பிரிட்டன் போரில் ஜெயித்திருந்தாலும் கடனில் மூழ்கியிருந்தது. எஃகுக்கு ரேஷன். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிற கம்பெனிக்குத்தான் அரசு எஃகு ஒதுக்கியது. அதனால் நல்ல கார்கள் கப்பலேறின, உள்ளூர்க்காரர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். 1948-இல் வந்த லேண்ட் ரோவருக்கு அலுமினிய உடம்பு வாய்த்ததற்கும் இந்த எஃகுப் பஞ்சம்தான் காரணம்.

அதே 1948 அக்டோபரில் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் இரண்டு கார்கள் ஒன்றாக அறிமுகமாயின. ஒன்று மோரிஸ் மைனர், இன்னொன்று ஜாகுவார் எக்ஸ்கே120. ஒன்று சம்பளக்காரர் வாங்குகிற குடும்ப வண்டி, மற்றது சினிமா நட்சத்திரங்கள் ஆசைப்பட்ட வண்டி.

உற்பத்தி வரிசையிலிருந்து முதலாவதாக வந்த மைனர் கேய்டனில்தான் இருக்கிறது. அதன் எதிரில் கொஞ்சம் குனிந்து போனட்டைப் பாருங்கள். நடுவில் தட்டையான ஒரு பட்டை ஓடும். வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்குக் கடைசி நேரத்தில் கார் ஒடுக்கமாகத் தோன்ற, மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். பாதிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குல இடைவெளியில் ‘சரி, இதுதான்’ என்று நிறுத்தினார். அந்த நான்கு அங்குலம்தான் போனட்டில் ஓடும் பட்டை. அதற்குள் பம்பர்களைச் செய்து முடித்திருந்ததால், ஆரம்பகால வண்டிகளில் அவற்றையும் வெட்டி நடுவில் துண்டு வைத்து இணைத்தார்கள். முதலாளி நஃபீல்டு பிரபு இந்தக் காரைப் பார்த்து, ‘வெந்நீரில் உடைத்து ஊற்றிய முட்டை’ என்று முகம் சுளித்தாராம். அதுதான் பத்து லட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் ஆனது. மொத்தம் 16 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதன் ஸ்டியரிங் அவ்வளவு துல்லியம் என்று இன்றும் வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். சாதாரணக் குடும்பத்துக்கு இவ்வளவு அக்கறையோடு ஒரு காரை யோசித்திருக்கிறார்களே என்று எனக்கு மனசு நிறைந்துபோனது.

எக்ஸ்கே120-இன் கதை தலைகீழ். அதன் 3.4 லிட்டர் எஞ்சினை ஜாகுவார் உருவாக்கியது ஒரு பெரிய செடானுக்காக. அந்த செடான், அதாவது மார்க் செவன், 1950-இல்தான் தயாரானது. அதுவரை எஞ்சினை உலகத்துக்குக் காட்ட அவசரமாகச் செய்த வண்டிதான் இந்த ஸ்போர்ட்ஸ் கார். கொஞ்சம்தான் விற்கும் என்று நினைத்து, மரச்சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு அடித்துக் கையால் செய்தார்கள். ஆர்டர் குவிந்தபிறகு எஃகுக்கு மாறினார்கள். 1949-இல் பெல்ஜியத்தின் யாபெக்கே சாலையில் அது மணிக்கு 132 மைலைத் தாண்டியது.

இந்த இரண்டையும் பார்த்தபிறகு எல்லாக் காரையும் எஞ்சினை வைத்தே பார்க்கத் தொடங்கிவிட்டேன். ஸ்போர்ட்ஸ் கார் ஒரு ஜாதி, குடும்பக் கார் வேறு ஜாதி என்று நாம் நினைக்கிறோமே, அது வெறும் மேல்தகட்டு வித்தியாசம்தான்.

எம்ஜி கம்பெனியின் எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1955-இல் ஆபிங்டனில் பிறந்த வண்டி. தாழ்வான மூக்கு, பின்பக்கம் வழிந்து இறங்கும் வளைவு, பார்த்துக்கொண்டே நிற்கலாம். பெரும்பாலானவை அமெரிக்காவுக்குப் போயின. உள்ளே இருப்பது பல கார்களுக்குப் பொதுவான பி-சீரிஸ் என்ற வகையில் 1489 சிசி எஞ்சின். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸிலும் அதே எஞ்சின்தான். அந்த ஆக்ஸ்ஃபோர்டுதான் கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவுக்கு வந்து நம் அம்பாசடர் ஆனது. அந்த எஞ்சினும் கொஞ்சம் பின்னால் வந்து அதில் சேர்ந்துகொண்டது. எம்ஜிஏ-வில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் இரண்டு, கூடுதல் சக்தி, அவ்வளவுதான். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு போன வண்டியின் நெஞ்சுக்கூட்டுக்குள் இந்த அழகியின் இதயம்! பி-சீரிஸின் வேர் 1947-இன் ஆஸ்டின் ஏ40-இல் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு ஏ40-ஐ அறிமுகப்படுத்தவே வேண்டாம்.

அப்புறம், 1958-இன் ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட். போனட்டின்மேல் துருத்தும் ஹெட்லைட்டுகளால் ‘தவளைக் கண்’ என்று பேர் வாங்கியது. 948 சிசி எஞ்சின், ஸ்டியரிங் எல்லாம் மைனரின் சொந்தம்.

கேய்டனிலிருந்து கோவென்ட்ரி தூரமில்லை. அங்குள்ள டிரான்ஸ்போர்ட் மியூசியத்தில் பெருங்கூட்டம் ஒலியின் வேகத்தைத் தாண்டிய த்ரஸ்ட் காரைத்தான் சுற்றுகிறது. சென்னைக்காரர்கள் ஸ்டாண்டர்டு கார்களைத் தேடுங்கள். வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் தாய்வீடு கோவென்ட்ரிதான். இங்கே அதன் பேர் ட்ரையம்ப் ஹெரால்டு. ஸ்டாண்டர்டு வான்கார்டு செடானின் எஞ்சின் இன்னும் ஆச்சரியம். அதே குடும்பத்து எஞ்சினை ஃபெர்குசன் டிராக்டரிலும் வைத்தார்கள். சிலிண்டர் லைனர்கள், அதாவது பிஸ்டன் ஓடும் உள்குழாய்கள், தனித்தனியாகக் கழற்றி மாட்டும் வகை என்பதால் அளவை மாற்றுவது சுலபம். 2088 சிசியை 1991-ஆகக் குறைத்து, இரண்டு லிட்டர் பந்தயப் பிரிவுக்குள் வருகிற மாதிரி, ட்ரையம்ப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரில் பொருத்தினார்கள். வயலில் உழுததும் பந்தயத்தில் ஓடியதும் ஒரே வம்சம்.

அந்த எஞ்சினை வாங்கிப் பொருத்திய இன்னொரு கம்பெனி மோர்கன். மால்வெர்னில் இன்றும் மரச்சட்டம் வைத்தே கார் செய்கிறார்கள். தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கலாம், ஆனால் முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.