பத்து மடை, ஏழாயிரம் பண்ணை

சாத்தூர் வரும்போது என் மகள்தான் அந்தப் பலகையைப் பார்த்தாள். இரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கண்ணில் படும் தமிழையெல்லாம் சத்தமாக வாசிக்கிற வயது. "ஏ-ழா-யி-ரம்-பண்-ணை" என்று எழுத்துக் கூட்டிவிட்டு, "அப்பா, ஏழாயிரத்தையும் யாருப்பா எண்ணினது?" என்று கேட்டாள்.

திருச்சியிலிருந்து பாளையங்கோட்டைக்கு, மாமா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். நாலு நாள் லீவு. அந்தக் கேள்வியோடு பயணத்தின் திட்டமே மாறிப்போனது. பெயரில் எண் இருக்கிற ஊர்களை ஒன்று முதல் பத்து வரை தேடிப் பிடிப்பது, எல்லாமே நெல்லைச் சீமையைச் சுற்றியே இருக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். பின் சீட்டில் கிடந்த பழைய டைரியில் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பத்து எண்களை எழுதினாள். ஏழுக்கு நேரே முதல் ஊர் ஏறியது. ஏழாயிரம்பண்ணை இப்போது விருதுநகர் மாவட்டம்தான். ஆனால் ஒரு காலத்தில் நெல்லைச் சீமைப் பாளையங்களில் ஒன்று என்பதால் சேர்த்துக்கொண்டோம். ஊருக்குள் போகவில்லை. இன்று அங்கே பட்டாசுத் தொழில்.

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு எட்டயபுரத்துக்கு வண்டியைத் திருப்பினேன். 1882இல் பாரதி பிறந்த வீட்டைக் காட்டினேன். 1835இல் இந்த ஊரில்தான் முத்துசுவாமி தீட்சிதர் மறைந்தார். அவருடைய சமாதிக்கும் போனோம். மகளுக்கோ எட்டுதான் முக்கியம். எட்டயபுரம் சமஸ்தானத்துப் பழங்கதை ஒன்று உண்டு. அந்த வம்சத்தின் முன்னோர் ஒருவர் விஜயநகரத்தில் ஒரு காவல்வீரனைச் சண்டையில் வென்று கொன்றார். அனாதைகளான அவனுடைய எட்டுத் தம்பிகளையும் தானே எடுத்து வளர்த்தார். எட்டுப் பேருக்கு அப்பன், எட்டப்பன். கட்டபொம்மன் கதையால் இன்று வசவாகிப்போன பெயருக்குப் பின்னால், பிள்ளைகளை வளர்த்த கதை ஒன்று இருக்கிறது. அதை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு டைரியை மாமாவிடம் கொடுத்தோம். பொதுப்பணித் துறையில் வாய்க்கால் வாய்க்காலாக நடந்து ஓய்வு பெற்றவர் அவர். "எட்டு வேணும்னா தாமிரபரணியில எட்டு அணைக்கட்டே இருக்கு மாப்ளே" என்று ஆரம்பித்து, வாய்ப்பாடு மாதிரிச் சொன்னார்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசி ஒன்று மட்டும் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. மகள் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாள். நதியுண்ணி என்ற பெயர் அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போனது. நதியையே உண்கிற அணை!

மறுநாள் காலை பத்தமடை. சேரன்மகாதேவி சாலையில், வயல்களுக்கு நடுவே, கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் ஊர். சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்ததும் இங்கேதான். ஆனால் பத்தமடை என்றால் பாய்தானே.

ஒரு வீட்டுத் திண்ணையில் நின்று கேட்டதும் உள்ளே வரச் சொன்னார்கள். தரையை ஒட்டி நூல் பாவு இழுத்துக் கட்டியிருந்தது. ஓர் அக்கா அதன்மேல் பலகை போட்டு உட்கார்ந்து, தலைமுடி மாதிரிக் கிழித்த கோரையை ஒவ்வோர் இழையாகக் குச்சியில் மாட்டி உள்ளே செலுத்திக்கொண்டிருந்தார். ஒவ்வோர் இழைக்கும் ஒரு தட்டு. ஈரக் கோரையின் வாசனை வீடு முழுக்க இருந்தது. ஒரு கல்யாணப் பாய் அது. ஓரத்தில் மாப்பிள்ளை பெயர் முடிந்து, பெண் பெயரில் முதல் இரண்டு எழுத்து மட்டும் வந்திருந்தது. என் மகள் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது எழுத்து என்ன என்று தெரிந்துகொள்ளாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம். அக்கா சிரித்துக்கொண்டே, "அது வர சாயங்காலம் ஆயிருமே கண்ணு" என்றார்.

மடை பத்தா என்று கேட்டோம். "பத்து மடை பாஞ்ச ஊருன்னு எங்கம்மா சொல்லுவாவ. நான் எண்ணிப் பாத்ததில்ல" என்றார்.

மடை என்றால் என்ன என்று மகளுக்குத் தெரியவில்லை. ஊருக்கு வெளியே ஒரு வயல் ஓரத்தில் இறக்கிக் காட்டினேன். வரப்பில் ஒரு முழ அகலத்துக்கு வெட்டு. ஓர் ஆள் வெறுங்காலால் சேற்றை ஒதுக்கினார், தண்ணீர் அந்தப் பக்கம் திரும்பியது. திரும்ப மிதித்து அடைத்தார், நின்றது. அவ்வளவுதான் மடை. அதைத் திறப்பதும் அடைப்பதும் யார் முறை என்பதில்தான் ஒரு காலத்தில் ஊரே நடந்திருக்கிறது.

மூன்றுக்கு முக்கூடல். பீடி சுற்றும் ஊர். தெருவில் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே சுற்றுகிறார்கள். ஆனால் முக்கூடற்பள்ளு பாடுகிற முக்கூடல் இதுவல்ல. அது நெல்லைக்குக் கிழக்கே, சீவலப்பேரிப் பக்கம், தாமிரபரணியும் சிற்றாறும் கோதண்டராம ஆறும் சேரும் இடம். அடுத்த நாள் காலையில் அங்கேயும் போனோம். இரண்டு முக்கூடலும் டைரியில் ஏறின.

ஐந்துக்கு ஐந்தருவி. அது ஊரா, அருவியா என்று காரில் பெரிய வழக்கு நடந்தது. பஸ்ஸில் போர்டு போட்டிருந்தால் அது ஊர்தான் என்று மகள் தீர்ப்புச் சொன்னாள். சரி என்றேன்.

மூன்றாம் நாள் கிழக்கே. ஒன்பதும் இரண்டும் ஒரே சாலையில் கிடைத்தன. நவதிருப்பதிக் கோயில்கள் ஒன்பதில் இரண்டு மட்டும் நடந்து போகிற தூரத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. அந்த இடத்துக்கே இரட்டைத் திருப்பதி என்று பெயர். 108 திவ்யதேசக் கணக்கில் அந்த இரண்டும் சேர்ந்து ஒன்றுதான். அதனால் ஒன்பது கோயிலும் அங்கே எட்டாகிவிடும். எண்ணுகிறவரைப் பொறுத்து எண் மாறும் என்பதை மகளுக்கு விளக்க எனக்குத் தென்திருப்பேரை வரை ஆனது.

நாலுக்கு நாலுமாவடி. நாலு மாமரத்தடி என்று வைத்துக்கொண்டால் கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது. நாங்குநேரியையும் சேர்க்கலாம் என்றார் மாமா. வானமாமலைப் பெருமாளுக்குச் சாத்திய எண்ணெய் கிணற்றில் சேருகிற ஊர். நான்கு ஏரி என்றுதான் பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். எனக்குச் சின்ன நெருடல் உண்டு. நான்கும் ஏரியும் சேர்ந்தால் நான்கேரி என்றல்லவா வர வேண்டும்? நடுவில் அந்த 'ந' எப்படி வந்தது? ஆறுமுகநேரியில் இந்தச் சிக்கல் இல்லை. ஆறுமுகன் ஏரி, ஆறுமுகனேரி, எழுத்து மட்டும் மாறிவிட்டது. டைரியில் ஆறுக்கு நேரே அதைத்தான் எழுதினோம். ஏரிப் பெயர் கொண்ட அந்த ஊரில் எங்களை வரவேற்றது, இரண்டு பக்கமும் வெயிலில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடந்த உப்பு.

அன்று ராத்திரி டைரியைப் புரட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. ஆற்றுப் பக்கம் மடை, ஏரி, கூடல், அருவி என்று எண்ணியதெல்லாம் தண்ணீர். தண்ணீர் குறைந்த கரிசல் பக்கம் எண்ணியது பண்ணையையும் பிள்ளைகளையும். மாமாவிடம் சொன்னேன். "எது இருக்கோ அதத்தானே எண்ண முடியும்" என்றார்.

ஒன்றுதான் கிடைக்கவில்லை. மாமா யோசித்தார், அத்தை யோசித்தார், பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று யோசித்தார். ஓட்டப்பிடாரம் என்றார் அண்ணாச்சி. அது ஒன்றில் சேராது என்று மகள் மறுத்துவிட்டாள். முதல் வரி காலியாகவே டைரியை மூடி வைத்தோம்.

கடைசி நாள் இருட்டிய பிறகுதான் மதுரையைத் தாண்டினோம். மாட்டுத்தாவணி கடந்து மேலூர் சாலையில் போகும்போது, இடப்பக்கம் யானைமலை கன்னங்கரேலென்று படுத்துக் கிடந்தது. ஹெட்லைட் வெளிச்சத்தில் பலகை வந்தது. ஒத்தக்கடை.

ஓரமாக நிறுத்திவிட்டு மகளை எழுப்பினேன். ஒற்றைதான் மதுரைப் பேச்சில் ஒத்தை, ஒரே ஒரு கடை இருந்திருக்கும், அதுதான் ஊர்ப்பெயர் என்று சொன்னேன். பாதித் தூக்கத்தில் ஜன்னல் வழியாகப் பலகையையும், அதற்குப் பின்னால் வரிசையாக எரிந்துகொண்டிருந்த நூறு கடை விளக்குகளையும் பார்த்தாள்.

"இது மதுரையாச்சேப்பா" என்றாள்.

ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"சரி, பென்சில்ல எழுதிக்கலாம். நெல்லையில கிடைச்சா அழிச்சிக்கலாம்."