பேன் சீப்பும் பீரங்கிக் குண்டும்

உடைந்த கைபேசியிலிருந்து எடுத்த, வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானிச் சில்லைத் திறந்து, நேற்று இரவு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பேன் சீப்புகளை எதிரெதிராகக் கோத்ததுபோல் சிலிக்கன் பற்கள்! நடுவே ஓரிரு மைக்ரோமீட்டர் இடைவெளிதான். ஒரு தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். நடுச் சீப்பு அசைந்தால் மின்தேக்கு அளவு, அதாவது பற்களுக்கிடையே மின்னூட்டத்தைத் தேக்கும் திறன், மாறும். அதிலிருந்துதான் முடுக்கத்தைக் கணக்கிடுகிறார்கள்.

இதே குடும்பத்துக் கருவிகளைத்தான் 155 மி.மீ. வழிகாட்டு பீரங்கிக் குண்டுகளுக்குள்ளும் வைக்கிறார்கள். சுடும் கணத்தில் புவியீர்ப்பைப்போல் 15,000 மடங்குவரை அதிர்ச்சி. திரும்புவதை அளக்கும் கருவியான ஜைரோஸ்கோப்பின் பழைய, சக்கரம் சுழலும் வகை அதைத் தாங்குவது கடினம். இந்தச் சிலிக்கன் சில்லு மட்டும் எப்படிப் பிழைக்கிறது? கூரையிலிருந்து விழுந்த எறும்பு எழுந்து நடக்கிறதே, அதே காரணம்தான். உருவம் சிறுக்கச் சிறுக்க, வலிமையைவிட எடை வேகமாகக் குறைகிறது. 1990களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் டிரேப்பர் ஆய்வகம் சிலிக்கனில் இசைக்கவை வடிவ ஜைரோஸ்கோப்பைச் செய்துகாட்டிவிட்டது.

என்னை வியக்க வைப்பது இன்னொன்று. குண்டு பல ஆண்டுகள் கிடங்கில் கிடக்கும். ஒரே ஒருமுறைதான் சுடப்படும். ஒத்திகை கிடையாது. உள்ளே ஈரம் புகுந்தால் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் செதுக்குவதைப் போலவே காற்றுப் புகாமல் மூடுவதும் பெரிய வேலை. வழிகாட்டும் செயற்கைக்கோள் சிக்னலை எதிரி முடக்கிவிட்டால் குண்டுக்கு இந்தச் சில்லே கண். முடுக்க அளவீட்டில் நிலையான சிறு பிழை இருந்தாலும், விலகல் நேரத்தின் வர்க்கத்தோடு பெருகும். இலக்கிலிருந்து சில மீட்டர் தள்ளி யாரோ ஒருவருடைய வீடு இருக்கிறது. அதை நினைத்தபடியே வெகுநேரம் அந்தப் பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.