ஆறு உறைந்த பிறகே பட்டறை திறக்கும்: லேனா கரையில் ஜதாய்

சைபீரியாவின் லேனா ஆற்றில் கப்பல் ஓடுவது வருடத்தில் ஐந்து மாதம்கூட இல்லை. யாகுட்ஸ்க் பக்கம் மே மாதக் கடைசியில்தான் ஆற்றை மூடிய ஐஸ் உடைந்து நகரும். அக்டோபரில் ஐஸ் துண்டுகள் மறுபடி மிதக்கத் தொடங்கிவிடும். அதற்குள் நிலக்கரி, டீசல், மாவு, சிமென்ட் எல்லாம் சாலையே இல்லாத வடக்கத்தி ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். மீதி ஏழு மாதமும் அந்தக் கப்பல்களை எங்கே நிறுத்துவது? இந்தக் கேள்வியால் உருவான ஊர்தான் ஜதாய்.

யாகுட்ஸ்க் நகரத்திலிருந்து நீரோட்டத்தின் போக்கில் சற்றுக் கீழே, இடது கரையில் இருக்கிறது. ஊர் என்றால் வயல், கோயில், சந்தை என்று தேட வேண்டாம். முதலில் வந்தது ‘ஸதோன்’. பெரிய ஆற்றின் ஓட்டத்திலிருந்து ஒதுங்கி, ஒரு முனை மட்டும் ஆற்றோடு சேர்ந்திருக்கும் நீர்ப்பரப்பை ரஷ்யர்கள் அப்படி அழைக்கிறார்கள். சைபீரிய ஆறுகளில் கப்பல் பட்டறை ஊர் எங்கே இருந்தாலும் அருகில் ஒரு ஸதோன் இருக்கும். தோம் ஆற்றில் சமூஸ், எனிசேயில் பொத்யோசவோ, இதே லேனாவில் மேலே பெலெதுய் எல்லாம் இந்த வகை.

நல்ல ஸதோனுக்கு என்ன வேண்டும்? ஓட்டம் இருக்கக் கூடாது, ஏனென்றால் ஓடும் நீருக்கு மேல் ஐஸ் சீராகத் தடிக்காது. குளிர்காலத்தில் ஆற்றின் மட்டம் இறங்கும்போது கப்பல் தரைதட்டாத அளவுக்கு ஆழம் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வசந்தத்தில் ஆற்றில் ஐஸ் உடைந்து ஓடும்போது அது உள்ளே நுழையாதபடி ஒரு மறைப்பு. பாளம் பாளமாக நகரும் ஐஸ் இரும்புக் கப்பலைக்கூட நசுக்கிக் கரையேற்றிவிடும். இந்த மூன்றும் பொருந்தும் இடம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டுதான். ஊர் எங்கே அமைய வேண்டும் என்பதை மனிதர்களைவிட ஆறுதான் அதிகம் தீர்மானித்திருக்கிறது.

கடல் வழியாக யாகுட்ஸ்கை எட்டிய முதல் நீராவிக் கப்பலின் பெயரும் ‘லேனா’தான். 1878ல் ஸ்வீடன் ஆய்வுப்பயணி நோர்டென்ஷொல்டின் ‘வேகா’ கப்பலோடு வந்து, லேனா டெல்டாவில் பிரிந்து, செப்டம்பரில் நகரை அடைந்தது. ஆனால் ஓரிரு கப்பலுக்காக ஒரு ஊர் உருவாகாது. ஜதாய் எழுந்தது சோவியத் காலத்தின் முதல் பாதியில், தங்கமும் நிலக்கரியும் வடகடல் துறைமுகங்களும் அரசின் திட்டத்துக்குள் வந்த பிறகு. பிறகு 1951ல் தண்டவாளம் உஸ்த்-கூத் வரை வந்து லேனாவைத் தொட்டது. அங்கே அசெத்ரவோ துறைமுகத்தில் ரயிலிலிருந்து இறங்கும் சரக்கு சுமார் 2000 கி.மீ. ஆற்றில் பயணித்து யாகுட்ஸ்க் வரும். சரக்கு பெருகியது, கப்பலும் பெருகியது, குளிர்காலத்தில் நிறுத்தவும் பழுது பார்க்கவும் இடம் தேவைப்பட்டது. பட்டறையைச் சுற்றி வீடு, பள்ளி, வெந்நீர்க் குழாய் என்று எல்லாம் வந்தன. பட்டறையும் கப்பல்களும் லேனா ஒருங்கிணைந்த ஆற்றுக் கப்பல் நிறுவனத்தின் கீழ் இருந்தன. ஊரில் பல வீடுகளுக்குச் சம்பளம் அங்கிருந்துதான்.

1991க்குப் பின் சரக்கு சரிந்தது. இதே போன்ற தூரத்து ஊர்கள் ஆள் குறைந்து வதங்கின. ஜதாய் தப்பியதற்குப் பெரிய காரணம் சாகா குடியரசின் தலைநகரமான யாகுட்ஸ்க் பக்கத்தில் இருப்பதுதான் என்பேன். வேலை போனவன் பேருந்து ஏறி யாகுட்ஸ்க் போய்வர முடிந்தது. இன்று நிர்வாக ரீதியில் அது யாகுட்ஸ்கில் சேராத தனி நகர வட்டம். பழைய பட்டறையை ஒட்டி, கூரை போட்ட பெரிய கூடங்களோடு புதிய கப்பல் கட்டுமிடமும் வந்திருக்கிறது. வரலாறு இவ்வளவுதான். அந்த ஊரோடு ஒட்டிய கைத்தொழில் ஒன்று இருக்கிறது. இனி அதைப் பற்றி.

அதன் பெயர் ‘வீமொரோஸ்கா’. உறைய வைத்து வெளியே எடுப்பது என்று தமிழில் சொல்லலாம். கப்பலின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டுமானால் மற்ற ஊர்களில் கப்பலை உலர் துறைக்குள் கொண்டுபோய்த் தண்ணீரை இறைப்பார்கள், அல்லது சாய்தளத்தில் வின்ச் போட்டுக் கரைக்கு இழுப்பார்கள். ஜதாயிலும் சாய்தளம் உண்டு. ஆனால் அதில் ஏற்றும் வேலை ஆறு உறைவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஏறிய கப்பல் அடுத்த வெள்ளம் வரை இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். உடம்புத் தகடு முழுக்க மாற்ற வேண்டிய கப்பலுக்கே அந்த இடம். புரொப்பெல்லர், சுக்கான், ஷாப்ட் பேரிங் (புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டைத் தாங்கும் பகுதி) மட்டும் கெட்டவை ஸதோனிலேயே உறைந்து நிற்கும். அவற்றைச் சுற்றி ஐஸிலேயே ஒரு குழி வெட்டி, அதையே உலர் துறையாக்குவதுதான் வீமொரோஸ்கா.

தமிழில் இமயத்தில் விழுவதும் ‘பனி’, உறைந்த ஆற்று நீரும் ‘பனி’. இங்கே இரண்டும் எதிரிகள் என்பதால் பிரித்தே சொல்கிறேன்: மேலே விழுவது பனி, ஆறு உறைந்தது ஐஸ்.

வேலை தொடங்குவது பனியை வாருவதில். பனி ஒரு கம்பளி. அது மூடியிருக்கும் வரை கீழே ஐஸ் தடிக்காது. கப்பலின் பின்பகுதியைச் சுற்றிப் பனியை வாரி எடுத்துக்கொண்டே இருந்தால் குளிர் நேராக ஐஸைப் பிடிக்கும். மனிதன் நிற்கவும் முதல் அடுக்கை வெட்டவும் போதுமான தடிமன் வந்ததும் சங்கிலி ரம்பத்தால் கட்டம் கட்டமாகக் கீறுவார்கள். பிறகு கடப்பாரையும் குந்தாலியும் கொண்டு பெயர்த்து, மண்வெட்டியால் வாரி வெளியே கொட்டுவார்கள். அடிவரை வெட்டக் கூடாது. பத்திலிருந்து இருபது சென்டிமீட்டர் வரை ஐஸைக் குழியின் தளமாக விட்டுவிட்டு ஆட்கள் ஏறிவிட வேண்டும். சில நாள் காத்திருந்தால் அந்த மெல்லிய தளத்தின் கீழ்ப்பக்கம் நீர் உறைந்து தடிக்கும். மறுபடி இறங்கி ஒரு அடுக்கு வெட்டு. மறுபடி காத்திரு. வாரக்கணக்கில் இப்படி அடுக்கடுக்காக இறங்கினால் புரொப்பெல்லரின் அடி இதழ் வரை வந்து சேரலாம்.

ஏன் ஒரே மூச்சில் காத்திருந்து வெட்டக் கூடாது? ஐஸ் வளர்வது கீழ்ப்பக்கத்தில். நீரின் வெப்பம் ஐஸைக் கடந்து மேலே காற்றுக்குப் போனால்தான் அடுத்த அடுக்கு உறையும். ஐஸ் தடிக்கத் தடிக்க அந்த வெப்பம் போகும் வழி அடைபடுகிறது. தோராயமாக, தடிமன் இரண்டு மடங்காக வேண்டுமானால் குளிர் நாட்கள் நான்கு மடங்கு வேண்டும். இயற்கையாக விட்டால் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தும் புரொப்பெல்லருக்குக் கீழே எட்டாது. தளத்தை மெல்லியதாகவே வைத்திருந்தால் மைனஸ் 40ல் வளர்ச்சி வேகம் குறையாமல் இருக்கும். யாகுட்ஸ்கில் ஜனவரி சராசரியே அதற்கு அருகில்தான். மைனஸ் 15 என்பது அங்கே வேலை கெடும் வெயில்.

முன்பக்கத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் கப்பலின் வாலைத் தூக்கிவிடலாமே என்று தோன்றும். வெயில் நாட்டில் நல்ல யோசனை. ஜதாயில் நிரப்பிய நீர் தொட்டிக்குள்ளேயே உறைந்து விரிந்து தகட்டைப் பிளக்கும். குளிர்காலத்துக்கு முன் குழாய், வால்வு, எஞ்சின் எல்லாவற்றிலும் கடைசிச் சொட்டுவரை நீரை வடிப்பதும் அதனால்தான். எஞ்சின் பின்பக்கம் இருப்பதால் காலிக் கப்பலிலும் வால் தாழ்ந்தே கிடக்கும். சரக்கேற்றினால் 2.5 மீட்டர் மூழ்கும் லேனாநெஃப்ட் வகை எண்ணெய்க் கப்பலில் வெட்ட வேண்டியது எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தவறு நடப்பது பெரும்பாலும் அவசரத்தால். ஒரு கடப்பாரைக் குத்து அதிகமானால் தளம் துளையாகி நீர் பீறிடும். சிறு துளையானால் பனியை நனைத்துத் திணித்து மிதித்தால் குளிரே அடைத்துவிடும். பெரிதானால் குழி நிமிடங்களில் நிரம்பிவிடும். அதோடு மூன்று வார உழைப்பும் போயிற்று: நிரம்பிய நீர் கட்டியாக உறைய வேண்டும், பிறகு மேலிருந்து மறுபடி. இன்னொன்று, குழி ஆழமாகும்போது கீழிருந்து நீர் தள்ளும் அழுத்தமும் கூடும். நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே தளம் இருந்தால் சதுர மீட்டருக்கு ஒரு டன், இரண்டு மீட்டரில் இரண்டு டன். எனவே மேல் அடுக்கில் போதுமான தடிமன் அடி அடுக்கில் போதாது. தளம் அகலமானால் நடுவில் வீங்கிப் பிளக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் அகலமான தொட்டியாக வெட்டுவதில்லை. உடம்பை ஒட்டிக் குறுகிய வாய்க்கால், வேண்டிய இடத்தில் மட்டும் கப்பலின் அடியில் குனிந்து போகும் சுரங்கம். மீதி ஐஸ் தூணாக நின்று தாங்கும்.

தளத்தின் தடிமனை அறிய நிறமும் ஓசையும்தான் துணை. வெளுத்து மங்கலாக இருந்தால் இன்னும் ஐஸ் இருக்கிறது. கருத்துத் தெரிந்தால் அடியில் நீர் நெருங்கிவிட்டது. குத்தும் ஓசை கனமாக இருந்து வெற்றொலியாக மாறும்போது நிறுத்த வேண்டும். எழுதும்போது எளிது; முகமூடிக்கு மேல் மூச்சே உறைந்து இமையில் ஒட்டும் குளிரில், விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்ப்பது வேறு. வியர்க்காமல் வேலை செய்வதும் ஒரு திறமை. நனைந்த உள்சட்டையோடு ஓய்வெடுக்க உட்கார்ந்தால் ஆபத்து குழியில் இல்லை, உடம்பில்.

குழி தயாரானதும் மெக்கானிக்குகள் இறங்குவார்கள். ஆற்றில் அமிழ்ந்து கிடக்கும் மரக்கட்டையிலும் கற்களிலும் இடித்து இதழ் வளைந்திருக்கும். ஓரம் பிய்ந்திருக்கும். புரொப்பெல்லர் நட்டின் மரை பொதுவாக அது சுழலும் திசைக்கு எதிராக வெட்டப்பட்டிருக்கும், ஓட்டத்தில் கழலாமல் இறுகுவதற்காக. இரட்டை புரொப்பெல்லர் கப்பலில் இடமும் வலமும் எதிரெதிர் மரை. இதை மறந்து ஒரே பக்கம் திருகினால் ஒரு நட்டு கழலும், மற்றது இன்னும் இறுகும். நட்டு போனதும், ஷாப்டின் கூம்பு முனையில் இறுகிய குடத்தை (புரொப்பெல்லரின் நடுப்பகுதியை)ச் சுற்றிச் சுற்றிச் சமமாகச் சூடாக்கி, இழுவைக் கருவி போட்டுக் கழற்றுவார்கள். ஒரே பக்கம் சூடாக்கினால் மைனஸ் 40ல் குடம் விரிசல் விடும். சம்மட்டியால் ஓங்கி அடிப்பதும் கூடாது, அந்தக் குளிரில் சாதா எஃகு கண்ணாடி மாதிரி உடையும். பாரம் தூக்கும் செயின் பிளாக்கின் கொக்கிகூட எச்சரிக்கை தராமல் அறும்.

அடுத்து ஷாப்ட் பேரிங். நீரே மசகாக ஓடும் ரப்பர் பேரிங்கில் ஆற்று மணல் புகுந்து தேய்க்கும். ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்து இடைவெளியை அளப்பார்கள். மேலே அதிகம், கீழே ஒன்றுமில்லை என்றால் ஷாப்ட் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். வெல்டிங் செய்யும் இடத்தில் முதலில் உறைபனியைத் தீயால் விரட்டி உலர்த்தி, தகட்டைச் சூடாக்கி, எலக்ட்ரோடை அடுப்பில் உலர்த்தி வைத்திருந்து எடுப்பார்கள். பற்றவைத்தது மெல்ல ஆறும்படி மேலே போர்வை. இதில் ஒன்றை விட்டாலும் அன்றைக்குத் தெரியாது. ஜூனில் முதல் கல்லில் இடிக்கும்போது பற்றவைத்த கோட்டை ஒட்டியே பிளக்கும்.

எல்லாவற்றுக்கும் கெடு ஏப்ரல். வெயில் ஏற ஏறக் குழியின் தெற்குப் பார்த்த சுவர் முதலில் இளகும், உருகிய பனிநீர் உள்ளே வடியும். கழற்றியதை எல்லாம் அதற்குள் மாட்டி, குழியை நீருக்கு விட்டுவிட வேண்டும். பிறகும் ஒரு வேலை உண்டு. வெள்ளம் எழும்போது ஐஸ் கப்பலின் உடம்பைக் கவ்விப் பிடித்திருந்தால் கப்பல் நீரோடு எழாது, நீர் கப்பலின் மேல்தளத்தில் ஏறிவிடும். ஆகவே மே வருவதற்குள் கப்பலைச் சுற்றி ஐஸை வெட்டி விடுவிப்பார்கள்.

லேனா தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. மேலாற்றில் முதலில் உடையும் ஐஸ், இன்னும் உறைந்து கிடக்கும் கீழாற்றில் முட்டித் தேங்கும். ஆற்றின் மட்டம் மீட்டர் கணக்கில் ஏறும். ஸதோனின் வாயில் திறந்து தெரிந்தாலும் கப்பல்கள் உடனே கிளம்புவதில்லை. எஞ்சினைச் சூடாக்கி, சுக்கானைத் திருப்பிப் பார்த்து, வெளியே ஐஸ் ஓடி முடிக்கும்வரை சில நாள் ஸதோனிலேயே காத்திருக்கும்.