சிட்லபாக்கம் ஏரிக்கரை: பங்குனியும் சித்திரையும்

மார்ச் 16, 2025, ஞாயிறு

பங்குனி வந்ததை எங்கள் தெருவுக்கு முதலில் சொல்வது முனையில் நிற்கும் புங்கமரம்தான். இரண்டு வாரமாக இலையைக் கொட்டிக்கொண்டே இருந்தது. இன்று காலை பால் வாங்கப் போகும்போது நிமிர்ந்து பார்த்தால் கிளை முழுக்கத் தளிர். எண்ணெய் தடவிய மாதிரி பளபளக்கிறது. குயிலும் தொண்டையைத் திறந்துவிட்டது, விடிவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது.

பையனுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்குகிறது. வீட்டில் டிவி கிடையாது, சத்தம் கிடையாது. எனக்குக் கிடைக்கும் ஒரே காற்று ஏரிக்கரைதான். காலை ஐம்பது நிமிடம், சின்னவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். நாலாம் வகுப்புக்காரி, அவளுக்கு இன்னும் பரீட்சை பயமெல்லாம் வரவில்லை.

ஏரியில் தண்ணீர் நன்றாகவே இருக்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் 2019 கோடை ஞாபகம் வரும். சென்னை முழுக்கத் தண்ணீர் இல்லாத வருஷம். குடத்தோடு லாரிக்காக நின்றவர்களில் நானும் ஒருத்தி. வறண்டு கிடந்த இந்த ஏரிக்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க்காரர்களே இறங்கிக் குப்பை அள்ளினார்கள். அந்த வருஷம்தான் அரசு 25 கோடி ரூபாயில் ஏரியைச் சீரமைப்பதாக அறிவித்தது. இன்றைக்குக் கரையில் நடக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் காய்ந்த மண் தெரியாது. தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று ஒரு பெரிய விஷயம். கோரைக்குப் பக்கத்தில் ஒரு முக்குளிப்பான் ஜோடி கூடு கட்டுகிறது!

சின்னவள்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, அந்தக் குட்டி வாத்து குப்பையைத் தூக்கிட்டுப் போகுது" என்றாள். வாத்து இல்லை, முக்குளிப்பான். ஒரு கைக்குள் அடங்குகிற அளவுதான் இருக்கும். கன்னமும் கழுத்தும் செங்கல் நிறம், அலகு ஓரத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு. சடாரென்று முங்கும், எங்கே எழும் என்று சொல்லவே முடியாது. இப்போது வாயில் அழுகிய பாசியும் தண்டுமாக எடுத்துவந்து ஒரே இடத்தில் சேர்த்துக்கொண்டிருந்தது. கூடு தண்ணீரில்தான் மிதக்கிறது. கோரைத் தண்டோடு பின்னிவிட்டிருப்பதால் காற்றில் அடித்துக்கொண்டு போகாது.

அரை மணி நேரம் நின்றுவிட்டோம். பின்னால் நடந்து வந்தவர்களும் ஒவ்வொருவராக நிற்க, ஒரு சின்னக் கூட்டமே கூடிவிட்டது. ஆறு வருஷமாக எதிரெதிரே நடந்து தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் இன்றைக்குத்தான் என்னோடு பேசினார்கள். ஒருவர் எங்களுக்கு அடுத்த தெருவாம்.

சாயங்காலம் சேப்பாக்கத்தில் சென்னை–மும்பை ஆட்டம். வீட்டில் டிவி போடாமலேயே தெருச் சத்தத்தை வைத்துச் சென்னை ஜெயித்ததைத் தெரிந்துகொண்டான் பையன்.

மார்ச் 27, வியாழன்

நாளை தமிழ்த் தாள். எதிர் வீட்டு அக்கா நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினார், "தம்பி குடிச்சிட்டுத் தெம்பா எழுதட்டும்" என்று. தூக்குவாளி இன்னும் சூடாக இருந்தது. வேறொன்றும் எழுத நேரமில்லை.

மார்ச் 30, ஞாயிறு

இன்று கரையைச் சுத்தம் செய்தோம். இருபது பேருக்கு மேல் இருப்போம், பாதி சின்னப் பிள்ளைகள். பிளாஸ்டிக் டம்ளர், பிஸ்கட் கவர், பூஜைக்குப் போட்ட மாலை, ஒரு ஒற்றைச் செருப்பு. ஒரு மூலையில் இரவோடு இரவாக யாரோ கட்டட இடிபாட்டைக் கொட்டியிருந்தார்கள். செங்கல், டைல்ஸ் துண்டு, சிமெண்ட் மூட்டை. அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பிள்ளைகள் கையைக் கிழித்துக்கொள்ளக் கூடாது என்று அதைப் பெரியவர்களே அள்ளினோம்.

அப்புறம்தான் பிரச்சினை. கோரையையும் வெட்டிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். "பார்க்கப் புதர் மாதிரி இருக்கு, பாம்பு வரும், கொசு வரும், லீவு விடப் போறாங்க, பிள்ளைங்க வர்ற நேரம்." அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாதை ஓரத்தில் கால் வைக்கிற இடத்தில் புதர் இருந்தால் எனக்கும் பயம்தான். ஆனால் கூடு இருக்கும் திட்டு, கரையிலிருந்து தள்ளி, தண்ணீருக்குள் இருக்கிறது.

எனக்குக் கூட்டத்தில் பேசி வழக்கமில்லை. இன்றைக்குப் பேசிவிட்டேன். அடைகாக்க மூன்று வாரம்தான் ஆகும், ஒரு மாதம் மட்டும் அந்தத் திட்டை விட்டுவையுங்கள் என்று கேட்டேன். குரல் நடுங்கியது. தினமும் சைக்கிளில் வரும் பெரியவர் ஒருவர் பைனாகுலரைக் கழற்றி, வெட்டச் சொன்னவர் கையிலேயே கொடுத்தார். "பாருங்க சார், முட்டை தெரியுது." அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "சரி, ஓரத்தை மட்டும் எடுத்துக்கலாம்" என்றார்.

நானும் பார்த்தேன். மூன்று முட்டை. வைத்த புதிதில் வெள்ளையாக இருக்குமாம், அழுகின பாசியின் சாயம் ஏறி ஏறிப் பழுப்பாகிவிடுமாம். கூட்டை விட்டு இறங்கும்போது தாய் அவசர அவசரமாகப் பாசியை இழுத்து முட்டையை மூடியது. மூடினதும் அங்கே கூடு இருப்பதே தெரியவில்லை. வெறும் குப்பை மிதக்கிற மாதிரி இருந்தது. இதைத்தான் நாம் வாரிப் போட்டிருப்போம்.

ஏப்ரல் 3, வியாழன்

வேப்பம்பூ சீசன் உச்சத்தில் இருக்கிறது. ராத்திரி மாடியில் நின்றால் அந்த லேசான தேன் வாசனை வருகிறது.

எங்கள் தெருவில் மூன்று வேப்பமரம். பெரிய மரத்தடியில் நேற்று ராத்திரி மாமியாரின் பழைய நூல் புடவையை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு வந்தோம். காலையில் போனால் புடவை மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, பொரிந்த அரிசி மாதிரி. மாமியார் அதை முறத்தில் போட்டு மெதுவாகப் புடைத்தார். காம்பும் சருகும் முன்னால் போக, பூ பின்னால் தங்கியது. எறும்பு இருக்கும், அதை ஊதக் கூடாது, வெயிலில் வைத்தால் தானே போய்விடும் என்றார். வேப்பம்பூ இப்போது பாக்கெட்டில் கடையிலேயே கிடைக்கிறது. ஆனால் கடைப் பூவில் பாதி காம்புதான்.

இரண்டு மூன்று நாள் வெயிலில் காய்ந்தால் ஒரு முறம் பூ ஒரு கைப்பிடியாகச் சுருங்கும். அதை நெய்யில் கருகக் கருக வறுத்து ரசத்தில் கொட்டினால், பையன்கூட இரண்டாம் தரம் கேட்பான். பூ பொறுக்க வந்த நாலு வீட்டுக்கும் பங்கு உண்டு. புதிதாகக் குடிவந்த பெண், "ஆன்ட்டி, இந்த மரம் யாரோடது?" என்று கேட்டாள். தெருவோடதும்மா என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாமியாருக்கு இன்று கண் கலங்கிவிட்டது. பாம்பனில் புதிய ரயில் பாலத்தைத் திறந்தார்கள். கப்பல் வரும்போது நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும் பாலம். அதோடு ராமேஸ்வரத்திலிருந்து தாம்பரத்துக்குப் புது ரயிலும் கொடி அசைத்து விட்டார்கள். காரைக்குடி, பட்டுக்கோட்டை, திருவாரூர் வழியாக வருகிறது.

என் புகுந்த வீட்டுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம்தான் ஊர். மீட்டர்கேஜ் காலத்தில் கம்பன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலையில் வீடு. அது நின்ற பிறகு எத்தனையோ வருஷம் கோயம்பேடு, பஸ், நெரிசல். "கம்பன் திரும்பி வந்த மாதிரி இருக்கும்மா, பரீட்சை முடிஞ்சதும் ஊருக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றார். கட்டாயம் போக வேண்டும். நாளைக்குக் கணக்குத் தாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். பையனை அறிவியல் பரீட்சைக்கு விட்டுவிட்டு நேரே குமரன்குன்றம். படி ஏறும்போதே கால் சுட்டது. கீழே பானகமும் நீர்மோரும் கொடுத்தார்கள். மோரில் கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப் போட்டிருந்தார்கள், அமிர்தம். மேலே நின்று பார்த்தால் குரோம்பேட்டை முழுவதும் மொட்டை மாடிகளாகத் தெரிகிறது. இடையிடையே பச்சை. அந்தப் பச்சையெல்லாம் வீட்டு வாசல் வேம்பும் மாவும்தான்.

ஏப்ரல் 14, திங்கள்

விசுவாவசு வருஷம் பிறந்தது. மாங்காய்ப் பச்சடியில் எங்கள் தெரு வேப்பம்பூவைப் போட்டேன். நாளையோடு பரீட்சை முடிகிறது.

ஏப்ரல் 16, புதன்

பரீட்சை முடிந்த மறுநாள் பையன் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, மழை! சித்திரை மூன்றாம் நாள் இப்படிக் கொட்டும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? மொட்டை மாடியில் வடாம் காயப் போட்டிருந்த பக்கத்து வீட்டம்மா ஓடிய ஓட்டம் பாவமாக இருந்தது. பாதி தட்டுக்கு மேல் கரைந்துபோயிற்று.

எனக்குக் கூட்டை நினைத்துத்தான் அடித்துக்கொண்டது. மழை விட்டதும் குடையோடு போனேன். தண்ணீர் ஏறியிருந்தது. கோரையின் அடிப்பாகம் முங்கியிருந்தது. ஆனால் கூடு மூழ்கவில்லை. மிதக்கிற கூடு அல்லவா, தண்ணீரோடு சேர்ந்து அதுவும் மேலே வந்திருக்கிறது. தாய் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தது. பைனாகுலர் பெரியவர் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். "எழுந்திருக்கலைம்மா. மழை முழுக்க அப்படியே இருந்தது" என்றார்.

இங்கே நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து நன்மங்கலம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு. 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்ததே, அந்தப் பள்ளிக்கரணைதான். நம் கரையில் போடும் ஒரு பிளாஸ்டிக் கவர் அதே வழியில்தான் போகும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 19, சனி

குஞ்சு பொரித்துவிட்டது!

மூன்றும். தாயின் முதுகில், இறக்கைக்கு நடுவே, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட தலை. இன்னொரு பறவை, அப்பாவாக இருக்க வேண்டும், வாயில் ஏதோ பூச்சியோடு வந்ததும் மூன்றும் ஒன்றாக எட்டின. அதில் ஒன்று வழுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டது. சின்னவள் "ஐயோ" என்று கத்திவிட்டாள். அது பஞ்சு மாதிரி மிதந்தது, நீந்தித் திரும்ப முதுகில் ஏறிக்கொண்டது. வெட்டச் சொன்னவர் தன் பேத்தியைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கை கூப்பினார். என்னால் பேச முடியவில்லை, நானும் கும்பிட்டேன்.

கரையில் இன்னொரு பேச்சு ஏசி மின்சார ரயில். சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து செங்கல்பட்டுக்கு இன்றுதான் ஓட ஆரம்பித்திருக்கிறது. குறைந்த கட்டணமே 35 ரூபாய். தினம் போகிறவர்களுக்குக் கட்டுப்படியாகாது. மாமியாரோடு எழும்பூர் போகும்போது ஒரு தடவை ஏறிப் பார்க்கலாம்.

ஏப்ரல் 26, சனி

லீவு வந்தாயிற்று, தெரு முழுக்கப் பிள்ளைகள். ஜிஎஸ்டி ரோட்டில் நுங்கு வாங்கினோம். நுங்குக்காரரிடம் நோண்டி எடுத்த காய்கள் இரண்டைக் கேட்டு வாங்கி, மாமியார் தெருவில் உட்கார்ந்து வண்டி செய்தார். இரண்டு காய்க்கும் நடுவில் ஒரு குச்சியைச் செருகினார். அதுதான் அச்சு. பிறகு நுனி இரண்டாகப் பிரிந்த நீளக் கவைக் குச்சி ஒன்றை எடுத்து, அந்த அச்சின் மேல் பொருத்தித் தள்ளிக் காட்டினார். கடகடவென்று ஓடியது. எழுபத்திரண்டு வயசு, முழங்கால் வலி எல்லாம் எங்கே போனதோ.

பத்து நிமிடத்தில் வரிசை கட்டிவிட்டார்கள். "பாட்டி, எனக்கு", "பாட்டி, எனக்கு." காய் தீர்ந்ததும் நாலு பையன்கள் சைக்கிளில் நுங்குக்காரரிடம் பறந்தார்கள். தார் ரோட்டில் அந்தச் சத்தம் இருட்டும்வரை கேட்டது. நாலு நாளில் காய் வறண்டு சக்கரம் கோணிவிடும், அதற்குள் ஓட்டிக்கொள்ளட்டும்.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம், 28 வரை. சரக்கொன்றை பூத்துத் தொங்குகிறது. புங்கம்பூ உதிர்ந்து தெரு முனை வெளிர் ஊதாவாக இருக்கிறது. அதைப் பெருக்க வேண்டாம் என்று துப்புரவு வேலைக்கு வரும் அக்காவிடம் சின்னவள் கேட்டாளாம். "நாளைக்குக் காலையில பெருக்கிக்கறேன், இன்னிக்கு இருக்கட்டும்" என்றாராம்.

ஏரியில் தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருக்கிறது. முக்குளிப்பான் குஞ்சுகள் தாமாகவே முங்கப் பழகுகின்றன. முங்கின வேகத்தில் கார்க் மாதிரி மேலே வந்துவிடுகின்றன, உடம்பு இன்னும் கனக்கவில்லை. இரண்டைத்தான் பார்த்தோம். மூன்றாவது கோரைக்குள் இருக்கலாம். சின்னவள் கரை முழுக்க ஒரு சுற்று சுற்றித் தேடிவிட்டாள். ஏழு மணிக்கே வெயில் சுட்டதால் பாதியில் கூட்டிவந்தேன்.

நாளைக்கு ஐந்தரைக்கே எழுப்பச் சொல்லிவிட்டுத் தூங்கியிருக்கிறாள்.