குமுளிக் கிளைக்கு டயல்-அப்: போன் போட்டால் மட்டும் போதாது, வைக்கவும் வேண்டும்

கம்பத்தில் தலைமை ஆபீஸ், மலைக்கு மேலே குமுளியில் கிளை. ஏலக்காய் வியாபாரத்தில் இப்படி இருப்பவர்கள் நிறையப் பேர். லீஸ்டு லைன் (இரண்டு ஆபீஸையும் எப்போதும் இணைத்திருக்கும் வாடகை லைன்) படுத்தால் கிளை ரவுட்டர் தானாகப் போன் போட்டுக் கம்பத்தைப் பிடிக்க வேண்டும். லைன் திரும்பியதும் தானாகவே வைத்துவிட வேண்டும். முதல் பாதியை எல்லோரும் சோதித்துப் பார்க்கிறார்கள், இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். குமுளியிலிருந்து கம்பத்துக்கு 04554 போட்டுப் பேசும் எஸ்டிடி கால் இது. இரவெல்லாம் திறந்தே கிடந்தால் பில்லில்தான் தெரியவரும்.

செம்பு லைன் இன்னும் இருக்கிற கிளைகளுக்குத்தான் இந்தப் பதிவு. சிஸ்கோ ரவுட்டர், ஆக்ஸ் (துணை) போர்ட்டில் வெளி மோடம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ரவுட்டரைத் தொடுவதற்கு முன் போன் லைனைப் பாருங்கள். போன் வைத்திருக்கும்போது மல்டிமீட்டரில் சுமார் 48 வோல்ட் டிசி வர வேண்டும். எடுத்தால் பத்து வோல்ட் பக்கம் இறங்க வேண்டும். ஒரு சாதாரண போனை மாட்டி, ஒரு எண்ணை அழுத்தி டயல் டோனை நிறுத்திவிட்டுக் காதில் வைத்துக் கேளுங்கள். கரகரப்பு இருந்தால் மோடம் பிடித்தாலும் நிற்காது. முதலில் லைன்மேனைக் கூப்பிடுங்கள். அதே லைனில் இணையாக வேறு போன் இருந்தால் கழற்றிவிடுங்கள், யாராவது எடுத்த நொடியில் இணைப்பு அறுந்துவிடும். கால் வெயிட்டிங் இருந்தாலும் அதே கதிதான், எக்ஸ்சேஞ்சில் சொல்லி எடுத்துவிட வேண்டும். பிராட்பேண்டும் அதே கம்பியில் வந்தால் மோடத்துக்கு முன்னால் ஃபில்டர் வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் மலையோரத்தில் மாலை இடி கடுமை. எர்த் சரியாகப் போட்ட சர்ஜ் அரெஸ்டர் இல்லாமல் மோடத்தை லைனில் விடாதீர்கள்.

ரவுட்டரை நேரில் நிர்வகிப்பதற்கான கன்சோல் போர்ட்டில் மோடத்தை மாட்டும் பழக்கம் வேண்டாம். அதில் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோலும் (டேட்டா நிரம்பினால் நிறுத்தச் சொல்லும் கம்பி), லைன் அறுந்ததைச் சொல்லும் மோடம் கன்ட்ரோலும் கிடையாது. லைன் அறுந்தாலும் உள்ளே நுழைந்தவரின் செஷன் திறந்தே நிற்கும், அடுத்துக் கூப்பிடுபவருக்குப் பாஸ்வேர்டு இல்லாமலே கதவு திறந்திருக்கும். ஆக்ஸ் போர்ட்டில் ரோல்ஓவர் கேபிள், அதன் முனையில் ‘மோடம்’ என்று எழுதிய 25 பின் அடாப்டர். ‘டெர்மினல்’ என்று எழுதியது பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் வேலை செய்யாது. வேகம் 2600, 1841 போன்ற ரவுட்டர் மாடல்களில் 115200; பழைய 2500 என்றால் ஆக்ஸ் 38400-க்கு மேல் போகாது. லைன் கான்ஃபிகில் ‘மோடம் இன்அவுட்’, ‘ட்ரான்ஸ்போர்ட் இன்புட் ஆல்’, ‘ஸ்டாப்பிட்ஸ் 1’, ‘ஃப்ளோகன்ட்ரோல் ஹார்ட்வேர்’ நான்கும் இருக்கட்டும்.

அடுத்து ரிவர்ஸ் டெல்நெட், அதாவது ரவுட்டருக்குள்ளிருந்தே மோடத்தோடு நேரடியாகப் பேசுவது. ரவுட்டரின் லூப்பேக் (தன்னைத்தானே குறிக்கும்) முகவரிக்கு, 2000-உடன் ஆக்ஸ் போர்ட்டின் லைன் எண்ணைக் கூட்டிய போர்ட்டில் டெல்நெட் செய்யுங்கள். 1841-இல் ஆக்ஸ் லைன் 1, போர்ட் 2001. 2600-இல் லைன் 65, போர்ட் 2065. சந்தேகம் இருந்தால் ‘ஷோ லைன்’. இணைப்பை மறுத்தால் லைனை வேறு ஏதோ பிடித்திருக்கிறது என்று பொருள், ‘கிளியர் லைன்’ கொடுங்கள். ஏடி என்று அடித்து ஓகே வந்தால் கேபிளும் வேகமும் சரி. இங்கிருந்தே கையால் கம்பத்து எண்ணை டயல் செய்து கனெக்ட் வருகிறதா பாருங்கள். இது வராமல் பிபிபி (மோடம் இணைப்பின் மேல் ஐபியை ஓடவைக்கும் புரோட்டோகால்) பக்கம் போவது நேர விரயம். ‘நோ டயல்டோன்’ என்று வந்தால், குறிப்பாக இன்டர்காம் வழியாகப் போகும் லைனில், எக்ஸ்3 என்ற மோடம் கட்டளையைப் போடுங்கள். டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். வெளி லைனுக்கு 0 அழுத்த வேண்டுமென்றால் அதன்பின் ஒரு காற்புள்ளி, இரண்டு விநாடி நிறுத்தம் தரும். இரண்டு பக்கமும் அனலாக் மோடம் என்றால் 33.6 கேபிபிஎஸ் வேகத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். 56 வர எதிர்முனை டிஜிட்டலாக இருக்க வேண்டும். 33.6-இல் ஒரு எம்பி ஃபைல் போக நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும், அதைக் கிளையில் இருப்பவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மோடம் செட்டிங்கில் பலரும் சிக்குவது எதிரொலியில். போனை எடுக்கும் கம்பம் பக்க மோடத்தில் எஸ்0=1 (முதல் மணியிலேயே எடுக்கும்) போட்டு, எக்கோவையும் (வந்ததைத் திருப்பிச் சொல்வது) ரிசல்ட் கோடையும் (‘ஓகே’, ‘கனெக்ட்’ போன்ற பதில்) இ0க்யூ1 என்று நிறுத்துங்கள். இல்லையென்றால் ரவுட்டர் அனுப்பும் லாகின் வரியை மோடம் திருப்பிச் சொல்ல, அதற்கு ரவுட்டர் பதில் சொல்ல, இரண்டும் விடாமல் பேசிக்கொண்டே இருக்கும். ஆனால் போன் போடும் குமுளி மோடத்தில் க்யூ1 போட்டுவிடாதீர்கள். மோடத்துக்கு டயல் கட்டளை கொடுக்கும் ரவுட்டரின் சாட் ஸ்க்ரிப்ட் ‘கனெக்ட்’ என்ற சொல்லுக்காகத்தான் காத்திருக்கிறது. இரு பக்கமும் &சி1, &டி2 கட்டாயம்: கேரியர் (எதிர் மோடத்தின் சிக்னல்) போனது ரவுட்டருக்குத் தெரிய வேண்டும், ரவுட்டர் விட்டால் மோடம் போனை வைக்க வேண்டும். கடைசியில் &டபிள்யூ கொடுத்துச் சேமியுங்கள், இல்லையென்றால் கரண்ட் போய் வந்தால் எல்லாம் அழிந்துவிடும்.

சாட் ஸ்க்ரிப்டில் ‘டைம்அவுட் 60’ விட்டுப்போவது அடிக்கடி நடப்பது. இயல்பு 5 விநாடிதான். மோடம் இன்னும் கத்திக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரிப்ட் தோற்றுவிடும். கேரியருக்குக் காத்திருக்கும் நேரம் இயல்பாக 30 விநாடி, எஸ்டிடிக்கு அதையும் 60 ஆக்குங்கள்.

கனெக்ட் வந்தும் பிங் போகவில்லையா? ‘டீபக் பிபிபி நெகோஷியேஷன்’ போடுங்கள். எல்சிபி (பிபிபியின் முதல் கட்டப் பேச்சு) கேள்வி போகிறது, எதுவும் திரும்பி வரவில்லை என்றால் எதிர்முனை பிபிபியில் இல்லை, கமாண்ட் ப்ராம்ப்டில் நிற்கிறது. நம் கேள்வியே திரும்பி வந்து லூப் என்று சொன்னால் மறுபடி மோடம் எக்கோவைப் பாருங்கள். சாப் (பிபிபியின் பாஸ்வேர்டு சரிபார்ப்பு) தோற்றால் செய்தியைப் படியுங்கள்: ‘யூசர்நேம் நாட் ஃபவுண்ட்’ என்றால் எதிர் ரவுட்டரின் ஹோஸ்ட்நேம் இங்கே யூசர்நேமாக இல்லை, ‘கம்பேர் ஃபெயில்டு’ என்றால் பாஸ்வேர்டு பொருந்தவில்லை. ஒட்டும்போது வால்போல் வந்த ஒரு ஸ்பேஸும் பாஸ்வேர்டில் சேரும், கண்ணுக்குத் தெரியாது.

ரூட்டுக்கு, டயல் பக்கம் 200 டிஸ்டன்ஸில் ஒரு ஃப்ளோட்டிங் ஸ்டாட்டிக், அதாவது முதன்மை ரூட் விலகினால் மட்டும் வேலைக்கு வரும் ரூட். கம்பம் பக்கமும் அதே போல் வேண்டும்; அதை மறந்தால் பாக்கெட் மலை இறங்கிப் போகும், பதில் ஏறி வராது. முதன்மை லிங்க் ஈத்தர்நெட்டில் வரும் ரேடியோ என்றால், மலைமேல் டவர் செத்தாலும் ரவுட்டரின் போர்ட் ‘அப்’ என்றே காட்டும். அங்கே எதிர்முனையை பிங் செய்து பார்க்கும் ஐபி எஸ்எல்ஏ ட்ராக்கை முதன்மை ரூட்டில் கட்டினால்தான் அந்த ரூட் விலகும்.

இனி பில் விஷயம். எந்தப் பாக்கெட்டுக்குப் போன் போடலாம் என்று சொல்லும் டயலர்-லிஸ்டில் வெறுமனே ‘ஐபி பெர்மிட்’ போட்டால் விண்டோஸின் 137, 138 போர்ட் சத்தம், என்டிபி (கடிகாரத்தைச் சரிசெய்வது), ரூட்டிங் ஹலோ (ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ‘இருக்கிறேன்’ செய்தி) எல்லாமே போன் போடத் தகுந்த காரணமாகிவிடும். இயல்பான ஐடில் டைம்அவுட் (தகுந்த பாக்கெட் எதுவும் போகாவிட்டால் போனை வைக்கும் நேரம்) 120 விநாடி. ஐந்து அல்லது பத்து விநாடிக்கொரு ஹலோ போனால் அந்தக் கடிகாரம் முடிவே அடையாது. ஆக்சஸ்-லிஸ்டில் (பாக்கெட்டுகளைப் பிரிக்கும் பட்டியல்) இவற்றை டினை செய்து (விலக்கி), அந்த லிஸ்டை டயலர்-லிஸ்டில் கட்டுங்கள். அது அந்தப் பாக்கெட்டுகளைத் தடுக்காது. போன் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தால் அவையும் போகும். கூப்பிடவும் நேரத்தை நீட்டவும் மட்டும் அவற்றால் முடியாது.

சோதனையை இப்படி நடத்துங்கள். லீஸ்டு லைன் கேபிளைப் பிடுங்கி, கம்பம் சர்வருக்கு பிங், ரிபீட் 50. சாதாரண ஐந்து பிங் பத்து விநாடியில் முடிந்துவிடும், மோடம் பிடிப்பதற்குள் ‘வேலை செய்யவில்லை’ என்ற தப்பான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். பதில் வந்ததும் ‘ஷோ டயலர்’: எந்தப் பாக்கெட்டால் போன் போனது என்று மூலமும் இலக்குமாக அதில் இருக்கும். கேபிளைத் திரும்ப மாட்டுங்கள், இரண்டு நிமிடத்தில் மோடத்தின் சிடி (கேரியர்) விளக்கு அணைய வேண்டும். ‘அன்டீபக் ஆல்’ கொடுத்துவிட்டு, வெற்றி பெற்ற கால் எண்ணிக்கையைத் தாளில் குறித்துக்கொண்டு கடையைப் பூட்டுங்கள். காலையில் முதல் வேலையாக ‘ஷோ டயலர்’ மறுபடி. இரவில் லைன் விழாமலே எண் கூடியிருந்தால், கூடும் நேரத்தில் ‘டீபக் டயலர் பாக்கெட்ஸ்’ போட்டுப் பிடித்து, அந்தப் பாக்கெட்டையும் ஆக்சஸ்-லிஸ்டில் சேருங்கள்.